பூட்டு இருக்கிறது, ஆள் இருக்கிறாரா?

சப்போர்ட் மேசையில் புதிதாக வந்து உட்கார்ந்திருப்பவர்களிடம் ஏதாவது பேசுங்கள் என்று அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். மைக்கைப் பிடித்தால் எனக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும், எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஓய்வு பெற்றவளுக்கு வேறு என்ன வேலை? ஆனால் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சர்வரை எப்படி அமைப்பது, சான்றிதழை எப்படிப் புதுப்பிப்பது என்பதெல்லாம் இதில் வராது. அவை இப்போது தானாகவே நடக்கின்றன. நடக்காவிட்டால் பார்த்துக்கொள்ளப் பழனிவேல் இருக்கிறார். எந்தக் காலத்திலும் தானாக நடக்காத விஷயம் ஒன்று உண்டு. எதிரே ஒருவர் கலங்கிப்போய் நிற்கும்போது எதை முதலில் செய்வது என்பதுதான் அது.

உங்களிடம் ஒரு கேள்வி கட்டாயம் வரும். திருட்டு சைட்டுக்குக்கூடப் பூட்டு கொடுத்திருக்கிறார்களே, இதைக் கேட்க ஆளே இல்லையா என்று யாராவது போனில் சத்தம் போடுவார்கள். பிரவுசரில் இணைய முகவரிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பூட்டுப் படம் தெரியுமே, அதைத்தான் சொல்கிறார்கள். சைட்டுக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் இருந்தால் அந்தப் பூட்டு வரும். எவன் கேட்டாலும் அந்தச் சான்றிதழை இப்படித் தூக்கிக் கொடுக்கலாமா என்பது நியாயமான கேள்விதான். எனக்கு அதற்கு இரண்டு பதில் தெரியும். இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போடும்.

முதல் பதில் ஆலங்குடிப் பக்கத்துத் தென்னங்கன்று வியாபாரி ஒருவரால் எனக்குக் கிடைத்தது. சைட் செய்துகொடுக்கும் நம் அலுவலகத்தின் ஆரம்ப கால வாடிக்கையாளர் அவர். வெளி மாவட்டத்துக்காரர்கள் சைட்டிலேயே பெயர், போன் நம்பர் எல்லாம் பதிந்து கன்று கேட்பார்கள். அந்த விவரங்கள் வழியில் யார் கண்ணிலும் படாமல் வர வேண்டும் என்பதற்காகச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தோம். அப்போது அது இலேசில் கிடைக்காது. ரேஷன் கார்டில் ஒரு இனிஷியல், கடைப் பதிவில் இன்னொரு இனிஷியல் என்று திருப்பி அனுப்பினார்கள். அதைச் சரிசெய்து அனுப்பினால், ஆளைச் சரிபார்க்க வெளிநாட்டிலிருந்து போன் வந்தது. ஆங்கிலத்தில் ஒரு பெண் பேசவும், கிரெடிட் கார்டு விற்கிறார்கள் என்று நினைத்து இவர் வைத்துவிட்டார். அவ்வளவுதான், விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். இத்தனைக்கும் அவர் கடனுக்குக் கொடுத்தால்கூட ஒரு ரூபாய் கூடுதலாகச் சொல்லி விற்காத மனிதர்.

சில வருடங்கள் கழித்து இலவசச் சான்றிதழ் வந்தது. காகிதமும் கிடையாது, போனும் கிடையாது, கம்ப்யூட்டரும் கம்ப்யூட்டரும் பேசி முடித்துக்கொள்ளும். அவர் நம் அலுவலகத்தில் உட்கார்ந்து டீ குடித்து முடிப்பதற்குள் பழனிவேல் போட்டுக் கொடுத்துவிட்டார். மறுநாள் காலையில் எனக்குப் போன் வந்தது.

"யம்மா, நான் என்ன குத்தம் பண்ணேன்னு என் சைட்டப் பூட்டிப் போட்டீங்க?"

பூட்டவில்லை அண்ணே, பாதுகாப்புக்காகப் போட்டது என்று ஆன மட்டும் சொல்லிப் பார்த்தேன். மனிதர் கேட்கவில்லை.

"என்ன பாதுகாப்பு? பூட்டு தொங்குனா வீட்ல ஆளில்லன்னுல்ல அர்த்தம். கன்டு வாங்க வாரவன் அதப் பாத்துட்டு அப்புடியே அங்கிட்டுத் திரும்பிப் போயிருவான்ல?"

அலுவலகத்தில் ரொம்ப நாள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். சைட் வேலை செய்யவில்லை என்று யார் போன் செய்தாலும், பூட்டு தொங்குதா என்று ஒருவரையொருவர் கிண்டல் செய்துகொள்வோம். அவருக்கு நான் கடைசியில் சொன்ன விளக்கம் இதுதான். முன்பு உங்கள் சைட்டுக்கு வருகிறவர் எழுதுவது போஸ்ட் கார்டு. வழியில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். இப்போது அது ஒட்டிய கவர். கவர் யாருக்குப் போகிறதோ அவர்தான் பிரிக்க முடியும். அதற்கு மேல் அந்தப் பூட்டுக்கு வேறு அர்த்தம் கிடையாது.

வாசலில் நிறுத்தி ஆயிரம் கேள்வி கேட்டால் திருடன் நின்றுவிடுவான் என்று நினைக்காதீர்கள். திருடனிடம் எல்லாக் காகிதமும் சரியாக இருக்கும். இனிஷியல் மாறியிருப்பது நம்மைப் போன்றவர்களுக்குத்தான். ஆகவே சான்றிதழைச் சுலபமாகக் கொடுப்பதே நல்லது என்பது என் கட்சி. யாராவது எதிர்த்துப் பேசினால் நானும் விட மாட்டேன், காரசாரமாகச் சண்டைக்குப் போவேன். செல்வமேரி நம் அலுவலகப் படியேறி வந்த நாள் வரைக்கும் அப்படித்தான் இருந்தேன்.

செல்வமேரி புதுக்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். சொந்த ஊர் கொடும்பாளூரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம். அப்பாவுக்கு மழையை நம்பிய கொஞ்சம் நிலம், வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனது அவள்தான். முன்பகல் நேரம், தோளில் பையோடு வந்து நின்றாள். வெயிலில் நடந்து வந்த முகம், ஆனாலும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், இதான ஒங்க பிராஞ்ச்? அந்த நம்பருக்குப் போட்டா எடுக்கவே மாட்டேங்குறாங்க. பின்கோடு சரியா எழுதிட்டனான்னு கேக்கணும், அவ்ளதான்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எந்த பிராஞ்ச், எந்தப் பின்கோடு என்று உட்கார வைத்துக் கேட்டேன். வளைகுடாவில் ஒரு ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. ஆள் எடுத்துக் கொடுத்தது சென்னையில் உள்ள ஏஜென்சி. போனிலேயே முகம் பார்த்து இன்டர்வியூ முடிந்துவிட்டது. பாஸ்போர்ட், நர்சிங் பட்டம், கவுன்சில் பதிவு, அனுபவச் சான்று, ஆதார் அட்டை, எல்லாவற்றின் ஒரிஜினலையும் கூரியரில் அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். இருக்கிற வேலையை விடுவதாக இன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட வேண்டுமாம், டிக்கெட் தயாராம். காலையில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கூரியர் கடையில் கவரைப் போட்டுவிட்டாள். மத்தியானம் டியூட்டிக்குப் போனதும் வேலையை விடுவதாகச் சொல்லப்போகிறாள்.

அந்த ஏஜென்சி நம் வாடிக்கையாளர்தான். முதலாளிக்குச் சொந்த ஊர் அறந்தாங்கிப் பக்கம், அதனால் சைட் வேலையை நமக்குக் கொடுத்திருந்தார். பக்கத்தின் அடியில் வடிவமைப்பு என்று போட்டு நம் பெயரும் முகவரியும் இருக்கும். அதைப் பார்த்துத்தான் இதைப் புதுக்கோட்டை பிராஞ்ச் என்று நினைத்து வந்திருக்கிறாள். அட, விஷயம் இவ்வளவுதானா என்று அவள் போனை வாங்கிப் பார்த்தேன். நாம் செய்த பக்கம், அவர் போட்டோ, நம் பெயர், எல்லாம் இருந்தது. பூட்டும் இருந்தது. மேலே இருந்த இணைய முகவரியை எழுத்தெழுத்தாகப் படித்தபோதுதான் கண்ணில் பட்டது. பெயரின் நடுவில் ஒரு எழுத்து கூடுதலாக இருந்தது.

எவனோ நம் பக்கத்தை அப்படியே வழித்து எடுத்துக்கொண்டு போய் வேறு பெயரில் வைத்திருக்கிறான். அடியில் இருந்த நம் பெயரை எடுக்கக்கூட அவனுக்குச் சோம்பல். அந்தச் சோம்பல்தான் அவளை நம் படிக்குக் கொண்டுவந்தது. உடனே சென்னைக்குப் போன் போட்டேன். செல்வமேரி என்று ஒருவர் எங்களிடம் விண்ணப்பிக்கவே இல்லையே என்றார் முதலாளி. ஒரிஜினலைக் கூரியரில் கேட்கிற வழக்கமே இல்லை, நேரில் வரச் சொல்லிப் பார்த்துவிட்டு அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவோம் என்றார்.

அவளிடம் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. என்னைத் திருத்துகிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்.

"இல்ல மேடம், பூட்டு இருக்கு. பாத்துட்டுத்தான் அனுப்புனேன்."

அவள் ஆஸ்பத்திரியில் யாரோ வந்து விழிப்புணர்வு வகுப்பு எடுத்திருக்கிறார்கள். எந்த சைட்டாக இருந்தாலும் பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் பயமில்லை என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இவள் பார்த்தாள், தம்பியையும் பார்க்கச் சொன்னாள். இருந்தது. சொல்லிக்கொடுத்ததைத் தப்பாமல் செய்த பெண் அவள்.

இதற்குள் பழனிவேல் அந்தப் பக்கத்தைத் தன் திரையில் திறந்து பார்த்துவிட்டார். அந்த வாரம்தான் வாங்கிய சான்றிதழ், நம் தென்னங்கன்றுக்காரருக்குக் கொடுத்த அதே மாதிரி இலவசச் சான்றிதழ். யார் கொடுத்தது என்று அவள் கேட்டாள். பழனிவேல் பொறுமையாகச் சொன்னார். அந்த முகவரி கேட்டவன் கையில்தான் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கம்ப்யூட்டரே கொடுத்துவிடும், உள்ளே என்ன வைத்திருக்கிறான் என்று பார்க்காது.

செல்வமேரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நாலு வருசம் படிச்சு வாங்குன சர்டிபிகேட்டு மேடம் என்னுது. கவுன்சில்ல பதியப் போனா இனிஷியல் தப்புன்னு எத்தன தடவ மெட்ராசுக்கு அலைய விட்டாங்க தெரியுமா? அவனுக்கு ஒக்காந்த எடத்துலயே குடுத்துட்டாங்களா?"

தென்னங்கன்றுக்காரர் கதையை வைத்து எத்தனையோ பேர் வாயை அடைத்திருக்கிறேன். அவளிடம் அந்தக் கதை எடுபடாது. அந்தக் கவர் போய்விட்டால் அவள் அங்கேயும் நர்ஸ் இல்லை, இங்கேயும் நர்ஸ் இல்லை. நகல் வாங்க எத்தனை வாசல் ஏற வேண்டும் என்பது அவளுக்கே தெரியும். அதற்குள் அவள் பாஸ்போர்ட்டையும் பட்டத்தையும் வைத்து எவன் என்ன செய்வானோ.

பழனிவேலுக்குக் கோபம் வந்துவிட்டது. அவருக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டார், வேகமாகத் தட்டச்சு செய்வார். சான்றிதழ் கொடுத்த நிறுவனத்துக்குப் புகார் எழுதி, அதை உடனே ரத்து செய்யுங்கள் என்றார். தயாராக எழுதி வைத்த பதில் ஒன்று சட்டென்று வந்தது. முகவரி யார் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பதற்கு மட்டுமே நாங்கள் பொறுப்பு, உள்ளடக்கத்தைப் பற்றி சர்வர் வைத்திருப்பவரிடம் முறையிடவும். அந்த சர்வர்காரருக்கு எழுத ஆரம்பித்தார். முகவரியை விற்றவருக்கும் ஒரு புகாரைத் தயார் செய்தார். நானும் அவர் தோளுக்குப் பின்னால் நின்று, இதைச் சேர், அதைச் சேர் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். தற்செயலாகத் திரும்பினால், செல்வமேரி கூரியர் ரசீதை நான்காக மடித்துப் பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

"பழனி, பூட்ட விடு. கவரப் புடி," என்றேன்.

இதற்காகத்தான் இத்தனையும் எழுதுகிறேன், தம்பிகளே, தங்கைகளே. நம் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதிரி கையில் இருப்பதைப் பிடுங்குவதிலேயே நம் புத்தி நிற்கும். அது திரையில் தெரிகிறது, நம் கைக்கு எட்டுகிறது, சண்டை போட நன்றாகவும் இருக்கிறது. பாதிக்கப்பட்டவருக்கு எது போய்க்கொண்டிருக்கிறது என்பது திரையில் தெரியாது. நிமிர்ந்து அவர் கையைப் பார்த்தால்தான் தெரியும்.

கூரியர் கடைக்குப் போன் செய்தோம். மூட்டை கிளம்பிவிட்டது. வேன் கீரனூரில் நின்று அங்குள்ளதையும் ஏற்றிக்கொண்டு திருச்சி கிடங்குக்குப் போகும், பொழுது சாயச் சென்னை லாரியில் ஏறிவிடும். கிடங்கில் போனை எடுப்பார்களா என்றேன். எடுத்தாலும் போனில் சொல்லி எதையும் நிறுத்த மாட்டார்கள் என்றார் கடைக்காரர். புகார் வேலையைப் பழனிவேலிடம் விட்டுவிட்டு, என் காரை எடுத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து இன்று வர முடியவில்லை என்று மட்டும் சொல், வேலையை விடுகிற பேச்சை எடுக்காதே என்று அவளிடம் சொன்னேன். சரிங்க மேடம் என்றாள்.

கீரனூர் தாண்டுகிற வரைக்கும் முன்னால் போகிற ஒவ்வொரு வேனின் முதுகையும் அவள் படித்துக்கொண்டு வந்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"அப்ப பூட்டு பொய்யா மேடம்?"

பூட்டு பொய் இல்லை, பூட்டைப் பற்றி உனக்குச் சொல்லிக்கொடுத்ததுதான் பொய் என்றேன். நீ அவனுக்கு அனுப்பிய விவரத்தை வழியில் யாரும் பார்க்கவில்லை, பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. பத்திரமாகத் திருடன் கையில் போய்ச் சேர்ந்தது. சொல்லும்போதே எனக்கு நாக்கு கசந்தது. அவளைத் தேற்ற வேறு வழி தெரியாமல், தென்னங்கன்றுக்காரர் போன் செய்த கதையைச் சொன்னேன். பூட்டு தொங்கினால் வீட்டில் ஆளில்லை என்று அர்த்தம் என்று அவர் சொன்னதைக் கேட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. "அந்தப் பெரியவருக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியலையே," என்றாள். அவரும் தெரிந்து சொல்லவில்லையடி பெண்ணே, தப்பாகப் புரிந்துகொண்டு சொன்னது அது என்றேன்.

திருச்சிக் கிடங்கு ஊருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகை. தரையெல்லாம் மூட்டை. பொறுப்பில் இருந்தவர் முப்பது வயதுக்குள் இருப்பார், கையில் பார்கோடு படிக்கும் கருவி. புதுக்கோட்டை மூட்டை வந்திருந்தது, பிரித்துக்கொண்டிருந்தார்கள். ரசீதைக் காட்டிக் கவரைத் திருப்பித் தரச் சொன்னோம். ரசீது போதாது, அது யார் கையில் வேண்டுமானாலும் இருக்கும், கவர்மெண்ட் கார்டு ஒன்று காட்டுங்கள் என்றார். கவர்மெண்ட் கார்டு அத்தனையும் கவருக்குள் இருக்கிறது. ஆஸ்பத்திரி அடையாள அட்டையைக் காட்டினாள், செல்லாது என்றார். போனில் இருந்த ஆதார் படத்தைக் காட்டினாள், படத்தை யார் வேண்டுமானாலும் காட்டலாம் என்றார்.

எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. பிரித்துத்தான் பாருங்களேன், அவள் போட்டோ ஒட்டிய பாஸ்போர்ட் உள்ளே இருக்கிறது என்றேன். ஒட்டிய கவரைப் பிரிக்க எனக்கு அதிகாரம் இல்லை என்றார். திருடனுக்குக் கேட்காமலே கொடுக்கிறார்கள், சொந்தக்காரிக்கு இத்தனை கேள்வியா என்று கத்திவிட்டேன். கிடங்கில் வேலை செய்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்குக் கோபம் வரவில்லை.

"அக்கா, நீங்க நல்லவங்கன்னு மொகத்துலயா எழுதி ஒட்டிருக்கு? நாளைக்கு நெசமான ஆளு வந்து எங்க கவருன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

அவர் சொன்னது நியாயம். அதனால் இன்னும் கோபம் வந்தது. செல்வமேரி என் கையைப் பிடித்துக்கொண்டு, நடந்ததை அவளே சொன்னாள். எந்த ஏஜென்சி, எப்படி ஏமாந்தாள், கவருக்குள் என்னென்ன இருக்கிறது என்று ஒன்று விடாமல் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே மூட்டையில் தேடிக் கவரை எடுத்தார். அனுப்புநர் என்று போட்டிருந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தன் போனை எடுத்து, கவரில் எழுதியிருந்த நம்பரை அழுத்தினார். செல்வமேரி கையில் இருந்த போன் அடித்தது.

"எடுங்க," என்றார்.

அவள் எடுத்தாள். எதிரெதிரே நின்றுகொண்டு, இரண்டு பேரும் போனில் ஹலோ சொன்னார்கள். "சரி, இது ஒங்க நம்பர்தான். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கங்க," என்றார்.

அவள் கவரை மார்போடு அணைத்துக்கொண்டாள். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, மறைத்துக்கொள்ளவில்லை. கிளம்பப் போகும்போது அவர் எங்களை நிற்கச் சொன்னார். அதே சென்னை முகவரிக்கு வேறு மூட்டையில் வந்த இன்னும் இரண்டு கவர்களைத் தேடி எடுத்தார். இதே கனம், இதே மாதிரி அட்டை வைத்து அனுப்பியவை. நிறுத்தி வைப்பீர்களா என்று கேட்டேன்.

"நிறுத்த எனக்கு அதிகாரம் இல்லக்கா. ஆனா அனுப்புனவங்களுக்குப் போன் பண்ண யாரக் கேக்கணும்?" என்று சொல்லிக்கொண்டே முதல் நம்பரை அழுத்தினார்.

திரும்பி வரும் வழியில் செல்வமேரி மடியில் கவரை வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். இருட்டுவதற்கு முன் ஊர் வந்துவிடலாம் என்று நான் சொல்லிக்கொண்டு வந்தேன். அவள் மனம் அதில் இல்லை.

"அக்கா, அவனுக்கும் இப்புடித்தான் குடுத்தாங்களா?"

மேடம் அக்கா ஆனதை அப்போதுதான் கவனித்தேன். அவள் கேட்டது எனக்கு உடனே விளங்கியது. ஆமாம், இப்படியேதான் என்றேன். இந்த முகவரி உன்னுடையதா என்று கேட்டு, அந்த முகவரிக்கே ஒரு குறியை அனுப்பி, அது அங்கே வந்துவிட்டதா என்று பார்ப்பார்கள். வந்திருந்தால் சான்றிதழ். அந்த மனிதர் உன் நம்பருக்கு அடித்துப் பார்த்ததற்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது.

"அவரு கார்டு இருந்தாத்தான் தருவேன்னு நின்னுருந்தா, இந்நேரம் இது மெட்ராஸ் லாரியிலல்ல இருக்கும்," என்றாள்.

அன்றிலிருந்து என் இரண்டு பதில்களும் இந்த ஒரு இடத்தில் நிற்கின்றன. சான்றிதழைச் சுலபமாகக் கொடுப்பது தப்பில்லை. சுலபமாகக் கொடுக்காவிட்டால் தென்னங்கன்றுக்காரரும் செல்வமேரியும்தான் வாசலில் நிற்பார்கள். ஆனால் கொடுத்த பிறகு ஒருவர் ஓடிவந்து, நீங்கள் கொடுத்ததை வைத்து ஒருவன் கழுத்தறுக்கிறான் என்று சொன்னால், அது என் வேலை இல்லை என்று சொல்லலாமா? சான்றிதழ் கொடுத்த நிறுவனம் அப்படித்தான் சொன்னது. விதிப்படி அவர்கள் சொன்னது சரிதான். கிடங்கில் நின்ற மனிதருக்கும் மற்ற இரண்டு கவர்களை நிறுத்தக் கூடாது என்று அதே மாதிரி விதி இருந்தது, அவரும் அதை மீறவில்லை. ஆனால் அனுப்பியவர்களின் நம்பரை அழுத்தினார். பிரபலமான பெயரைப் போலவே ஒரு எழுத்து மாற்றி ஒருவன் வந்து கேட்டால், அந்தப் பெயருக்குச் சொந்தக்காரருக்கு ஒரு வார்த்தை சொல்ல இவர்களால் முடியாதா? முடியும், செலவு, தொல்லை என்று தட்டிக்கழிக்கிறார்கள் என்பது என் எண்ணம். பழனிவேல் ஒத்துக்கொள்ள மாட்டார். கோடிக்கணக்கில் பெயர் இருக்கும்போது எது யாருடைய சாயல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பார். இந்தச் சண்டையை நாங்கள் இன்னும் முடிக்கவில்லை.

அந்தத் திருட்டு சைட் மறுநாள் இறங்கியது. சர்வர்காரர் எடுத்துவிட்டார். கொஞ்ச நாளில் வேறொரு எழுத்தை மாற்றி, வேறொரு பூட்டோடு திரும்பி வந்தது. ஆனால் இந்த முறை யாரும் படியேறி வருவதற்கு முன்பே நாங்கள் பிடித்துவிட்டோம். உலகத்தில் கொடுக்கப்படுகிற சான்றிதழ்கள் ஏறக்குறைய எல்லாமே பொதுவில், யாரும் பார்க்கும்படி பதிவாகின்றன. பழனிவேல் அதைக் கவனித்துக்கொண்டே இருக்க ஒரு ஏற்பாடு செய்தார். நம் வாடிக்கையாளர் பெயரின் சாயலில் எவன் பூட்டு வாங்கினாலும் நமக்குத் தகவல் வந்துவிடும். உங்கள் மேசைத் திரையில் சிவப்பாக மின்னுகிறதே ஒரு கட்டம், அது இதுதான். மின்னினால் டீயை வைத்துவிட்டு எழுந்திருங்கள்.

இப்போது சில பிரவுசர்கள் அந்தப் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டன. நல்ல காரியம். ஆனாலும் விழிப்புணர்வு வகுப்புகளில் பழைய பாட்டைப் பாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நீங்கள் யாருக்கும் பூட்டு இருக்கிறதா பாருங்கள் என்று சொல்லாதீர்கள். ஆள் இருக்கிறாரா பாருங்கள் என்று சொல்லுங்கள். அந்த சைட்டில் போட்டிருக்கும் நம்பரை விட்டுவிட்டு, வேறு வழியில் விசாரித்து வாங்கிய நம்பருக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். அங்கே வேலை பார்த்தவர் யாராவது ஊரில் இருக்கிறாரா என்று கேட்கச் சொல்லுங்கள். முடிந்தால் நேரில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

செல்வமேரி அன்றைக்கு வேலையை விடவில்லை. மறுநாள் வழக்கம்போல டியூட்டிக்குப் போனாள். வெளிநாட்டுப் பேச்சை அதற்கப்புறம் எடுக்கவே மாட்டாள் என்று நினைத்தேன். தப்பு. ஒரு வருடம் போலக் கழித்து எனக்குப் போன் செய்து, அந்த உண்மையான ஏஜென்சியிலேயே விண்ணப்பித்திருப்பதாகச் சொன்னாள். ஒரிஜினலைக் காட்ட நேரில் வரச் சொல்லியிருக்கிறார்களாம். பயமாக இல்லையா என்று கேட்டேன். இருக்கு, ஆனா பயந்துக்கிட்டுப் போகாம இருந்துட்டு அப்பாவோட காட்ட அடகு வைக்க முடியுமா அக்கா என்று கேட்டாள்.

அவள் சென்னை போன அன்று எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. போன் வந்தபோது பின்னால் ஏதோ தெருச் சத்தம், படியேறிய மூச்சு வாங்குவது கேட்டது.

"அக்கா, வந்துட்டேன். கதவு தொறந்துதான் கெடக்கு. உள்ள ஆள் இருக்காங்க."